வக்கீலா, எம்.பி.ஏ.வா?



வ.உ.சி. என்றதும் நமக்குக் கப்பல்தான் ஞாபகம் வரும். ஆனால் அவர் முதலில் வக்கீல். ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் வழக்கு நடத்தியவர், 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய். சட்டம், வியாபாரம் இரண்டையும் ஒரே ஆள் பார்த்தார். நாம் ஏதாவது ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் எதைப் படிப்பது?

எங்க பெரியம்மா வீட்டில் இப்போ இதுதான் சண்டை. அக்கா போடியில் பி.காம். முடித்துவிட்டாள். அவளுக்கு வக்கீல் ஆகணும். பெரியப்பாவோ, "எம்.பி.ஏ. படி, சீக்கிரம் சம்பளம் வரும்" என்கிறார். நமக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வருமே என்று விசாரித்து எழுதுகிறேன்.

ப்ளஸ் டூ முடித்து நேராகச் சட்டம் படித்தால் 5 வருஷம். ஏதாவது டிகிரி முடித்திருந்தால் 3 வருஷம். நம்ம மாநில அரசு சட்டக் கல்லூரிகளில் இந்த 3 வருஷப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, டிகிரி மார்க்கைப் பார்த்துத்தான் சீட்டு. ஃபீஸும் குறைவு. முன்னே மதுரைக்குப் போகணும். 2019-ல் தேனியிலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது.

படித்து முடித்ததும் கோர்ட்டில் பேசிவிட முடியாது. பார் கவுன்சிலில் பதியணும். அதற்குப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்தான். அகில இந்திய பார் தேர்வும் எழுதணும். அப்புறம் ஒரு சீனியரிடம் ஜூனியர். கஷ்டமே இங்கேதான். ஜூனியருக்குப் பெரிசாக ஒன்றும் கிடைக்காது. பெரியம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துத்தான் அக்காவைப் படிக்க வைத்தார்கள். இன்னும் எத்தனை வருஷம் மலை ஏறுவது? வீட்டில் யாரும் இதை வாய் விட்டுச் சொல்வதில்லை. ஆனால் சண்டையே இதற்குத்தான்.

எம்.பி.ஏ. 2 வருஷம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதணும். ஐ.ஐ.எம். என்றால் கேட் தேர்வு. திருச்சியில் 2011-ல் ஒரு ஐ.ஐ.எம். தொடங்கினார்கள். அங்கெல்லாம் ஃபீஸ் பல லட்சம், பேங்க் லோன்தான் வழி. நல்ல கல்லூரி என்றால் படிக்கும்போதே வேலை. சுமாரான கல்லூரி என்றால் லோன் முதலில் வரும், வேலை மெதுவாக வரும்!

எம்.பி.ஏ. நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். ஏலக்காயையே பாருங்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2022-ல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. எப்போ விற்பது, எவ்வளவு இருப்பு வைப்பது, எந்தத் தரத்தை எங்கே அனுப்புவது, எல்லாம் கணக்கு. அதைத்தான் அந்தப் படிப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஆனாலும் நான் அக்கா பக்கம்தான். நம்ம மலையில் பட்டா, எல்லை, காடு என்று ஏதாவது காகிதம் வந்துகொண்டே இருக்கும். வாங்கிப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. 2006 வன உரிமைச் சட்டப்படி மனு முதலில் கிராம சபைக்குத்தான் போகணுமாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு என்று 1987-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். எங்க தெருவில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அக்கா சர்டிபிகேட்டை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிட்டாள். பெரியப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் நேற்று, போடியிலிருந்து தேனிக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தாராம்.

— 9-ஆம் வகுப்பு மாணவி, குரங்கணி