சனியின் பனித் துணைக்கோளும் காந்த ஊசியும்

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலுக்கு அண்மையிலுள்ள ஸ்ரீவராகத்தில், பள்ளி மேசை ஒன்றின் மீது ஒரு சாய்வு ஊசியைக் காந்த வடக்கு-தெற்குத் தளத்தில் மேலும் கீழும் சுழலுமாறு பொருத்தி வைத்தால், அது ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். அதே ஊசியை டில்லிக்குக் கொண்டு சென்றால் அதன் வடமுனை நாற்பது பாகைக்கு மேல் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். பூமியின் காந்த நடுக்கோடு இந்நகரை ஒட்டிச் செல்வதே இதற்குக் காரணமாகும். அக்கோடு ஓரிடத்தில் நிலைத்து நில்லாது மெல்ல நகர்வதொன்றாயினும், அது அளித்த வாய்ப்பை இந்நகரம் நெடுங்காலமாகவே பயன்படுத்தி வந்திருக்கிறது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் இங்கு வானாராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1852-இல் அதன் பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் புரூன், நகரில் மட்டுமன்றி அகத்தியமலையின் உச்சியிலும் காந்த ஊசிகளை அமைத்து அவற்றின் நுண்ணிய அசைவுகளை இடைவிடாது குறித்து வைத்தார். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் செலுத்தப்பட்டதற்கும் இதே நடுக்கோடே காரணமாயிற்று. பின்னர் அங்கிருந்து சென்ற ராக்கெட்டுகள் காந்தமானிகளைச் சுமந்து, தரைக்குமேல் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை அதன் இருப்பிடத்திலேயே அளந்தன.

கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைக் காந்தத்தின் அசைவைக் கொண்டு அறிவது இம்முறையின் சாரம். இதே முறை, சூரியனிலிருந்து சுமார் 143 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள சனிக் கிரகத்தில் பயன்பட்டபோது, பனி மூடிய சிறு துணைக்கோள் ஒன்றின் அடியில் கடல் இருப்பது தெரியவருவதற்கு வழி பிறந்தது.

அத்துணைக்கோளின் பெயர் என்செலடஸ். 1789-இல் வில்லியம் ஹெர்ஷல் இதனைக் கண்டுபிடித்தார். இதன் விட்டம் சுமார் 500 கிலோமீட்டர். அதாவது திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரையுள்ள வான்வழித் தொலைவைச் சற்றே மிஞ்சும். இத்துணைச் சிறிய உருண்டை தன் உள்வெப்பத்தை என்றோ இழந்து உறைந்து போயிருக்க வேண்டும் என்பதே எவரும் எதிர்பார்ப்பது. ஆயினும் 1981-இல் வாயேஜர்-2 அனுப்பிய படங்களில் இதன் மேற்பரப்பின் சில பகுதிகள் பள்ளங்களின்றி வழுவழுப்பாகக் காணப்பட்டன. மேலும், சனியின் வெளிப்புறத்திலுள்ள மெல்லிய ஈ-வளையம் இத்துணைக்கோளின் பாதையருகே மிகவும் அடர்ந்திருந்தது. அவ்வளையத்தின் நுண்துகள்கள் நெடுங்காலம் நிலைத்திருக்க இயலாதவை. எனவே எங்கிருந்தோ புதிய துகள்கள் வந்து சேர்ந்தவண்ணம் இருத்தல் வேண்டும் என்ற ஐயம் எழுந்தது. அதற்கு மேல் ஒன்றும் துணிந்து கூற முடியவில்லை.

1997 அக்டோபர் 15 அன்று புறப்பட்ட காஸினி விண்கலம் 2004 ஜூலை 1 அன்று சனியின் ஈர்ப்பில் அமர்ந்தது. (தமிழில் காசினி என்றால் உலகம், கலத்தின் பெயரோ, சனி வளையத்தின் இடைவெளியை 1675-இல் கண்ட வானூலார் காஸினியை நினைவூட்டுவது.) அதில் 11 மீட்டர் நீளமுள்ள நீட்டுகோல் ஒன்றில் காந்தமானிகள் பொருத்தப்பட்டிருந்தன. கலத்தின் மின்கருவிகளே ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குவதால், அளவுகருவியை அவற்றிலிருந்து தள்ளி வைப்பது இன்றியமையாததாயிற்று.

2005 பிப்ரவரியில் கலம் என்செலடஸை ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. அப்போது காந்தமானி எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. சனியின் காந்தப் புலம் தன்னுடன் மின்னேற்றம் பெற்ற துகள்களையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. அத்துகள்களின் ஓட்டம் என்செலடஸைவிட விரைவானது. ஆகவே அது துணைக்கோளின் மீது பின்புறமிருந்து மோதுகிறது. வெறும் பனிக்கட்டியாலான உருண்டையாயின் துகள்கள் அதன்மீது விழுந்து மறையும். காந்தக் கோடுகள் பெரும்பாலும் மாறாமல் ஊடுருவிச் செல்லும். ஆனால் இங்கு, கரமனை ஆற்றின் வெள்ளம் பாலத் தூணை எதிர்கொண்டு இருபுறமும் விலகுவதுபோல, கோடுகள் துணைக்கோளை எட்டுமுன்னரே வளைந்து நின்றன. ஆகவே அதனைச் சூழ்ந்து வாயு இருக்க வேண்டும். அவ்வாயுவின் மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்று ஓட்டத்தில் கலப்பதால் அது தடைப்பட்டு மந்தமாகிறது.

அதே நாளில் வேறொரு கருவி இதற்கு மாறான செய்தியைத் தந்தது. விருச்சிகத்தின் வால்பகுதியிலுள்ள மூல நட்சத்திரத்தின் பிரகாசமான விண்மீன் என்செலடஸுக்குப் பின்னே மறைந்தபோது, புற ஊதா நிறமாலைமானி அதன் ஒளியைக் கவனித்திருந்தது. வாயு மண்டலம் இருந்தால் ஒளி படிப்படியாக மங்கும். இல்லையேல் சட்டென அறும். அன்று வாயுவின் அடையாளமே தென்படவில்லை. இரு கருவிகளுள் எதனை நம்புவது? மார்ச்சு மாதத்தில் சுமார் 500 கிலோமீட்டர் தொலைவில் மீண்டும் கடந்தபோதும் காந்தமானி தன் சாட்சியத்தை மாற்றவில்லை.

காந்தமானிக் குழுவின் தலைவி, லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த மிஷேல் டௌகர்டி. ஜூலை மாதப் பயணத்தில் கலம் 1,000 கிலோமீட்டர் உயரத்தில் செல்வதாகத் திட்டமிடப்பட்டிருந்தது. அதனை மிகவும் தாழ்த்தும்படி அவர் வேண்டினார். இது சிறிய கோரிக்கையன்று. பல ஆண்டுகள் முன்னரே வகுக்கப்பட்ட பாதையை மாற்றுவதோடு, துகள்கள் நிறைந்திருக்கக்கூடிய இடத்தில் கலத்தை விடுவதற்கும் துணிய வேண்டும். ஓர் ஊசியின் சலனத்தை நம்பி அவ்வாறே முடிவு செய்யப்பட்டது. 2005 ஜூலை 14 அன்று காஸினி 173 கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கிச் சென்றது.

முரண்பாடு அன்றே தீர்ந்தது. இம்முறை ஓரியன் மண்டலத்து விண்மீனொன்று தென் துருவத்தை ஒட்டி மறைந்தபோது அதன் ஒளி படிப்படியாக மங்கியது. நீராவி தெளிவாகப் புலப்பட்டது. பிப்ரவரியில் மூல நட்சத்திரம் நடுக்கோட்டுப் பகுதிக்குப் பின்னே மறைந்திருந்தது. அங்கு வாயு இல்லை. வாயு முழுவதும் தெற்கிலிருந்தே வெளிப்படுகிறது. ஆகவே இரு கருவிகளும் உண்மையையே உரைத்திருந்தன. தென் துருவத்தில் சுமார் 130 கிலோமீட்டர் நீளமுள்ள நான்கு பிளவுகள் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருப்பதும் காணப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் எடுத்த படங்களில், பிளவுகளினின்றும் பனித் துகள்கள் நீரூற்றுப்போல் விண்வெளியில் பீறிடும் காட்சியே பதிவாயிற்று. நொடிக்குச் சுமார் 200 கிலோகிராம் நீராவி வெளியேறுவதாகக் கணக்கிட்டுள்ளனர். ஈ-வளையத்தின் பிறப்பிடமும் இதுவே.

பின்னர் வந்த முடிவுகள் யாவும் இந்த ஊற்றிலிருந்தே கிளைத்தவை. துணைக்கோள் தன் சுழற்சியில் மிகச் சிறிதளவு ஊசலாடுவதை அளந்து, பனி ஓட்டின் அடியில் உருண்டை முழுவதும் சூழ்ந்த கடல் உண்டென 2015-இல் அறிவித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் கலம் 49 கிலோமீட்டர் உயரத்தில் ஊற்றினூடே பாய்ந்து மூலக்கூறு ஹைட்ரஜனைக் கண்டது. சூடான நீர் கடலடிப் பாறையுடன் கலந்து வினைபுரிவதற்கு இஃது அறிகுறி. ஊற்றின் வாயுக்களைப் பகுத்துணர்ந்த கருவி நிறை நிறமாலைமானி வகையைச் சேர்ந்தது. அவ்வகைக் கருவியொன்றைத் திருவனந்தபுரத்து விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் உருவாக்கி, சந்திரயான்-1 வாயிலாக 2008 நவம்பர் 14 அன்று சந்திரனில் இறக்கினர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கடல் உண்டு எனக் கண்டபின் ஒரு பொறுப்பும் சேர்ந்தது. எரிபொருள் தீர்ந்த கலம் என்றேனும் என்செலடஸின்மீது விழுந்து, பூமியின் நுண்ணுயிர்களை அங்கே கொண்டு சேர்த்துவிடலாகாது. ஆகவே வளையங்களுக்கும் கோளுக்கும் இடையே 22 முறை செலுத்தியபின், 2017 செப்டம்பர் 15 அன்று காஸினியைச் சனியின் வாயு மண்டலத்தில் வீழ்த்தி எரித்துவிட்டனர். ஆயினும் அது சேர்த்து வைத்த அளவுகளின் பயன் தீரவில்லை; ஈ-வளையத் துகள்களில் பாஸ்பேட் இருப்பது 2023-இல் வெளியாயிற்று. உயிர்ப்பொருளுக்கு இன்றியமையாத மூலகங்களுள் பாஸ்பரஸ் ஒன்று. இவற்றால் உயிர் உண்டென்பது பெறப்படவில்லை. அதற்கு வேண்டிய நீரும் வெப்பமும் சத்துப்பொருள்களும் உண்டென்பதே பெறப்படுகிறது.

விண்மீன் மறைவைக் கொண்டு பனித் துணைக்கோளை ஆராய்வது தமிழகத்துக்குப் புதிதன்று. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் கனிமீட் ஒரு விண்மீனை மறைத்ததை ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், அப்போது புதிதாக நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கியால் அளந்தனர். அங்கும் இந்தோனேசியாவிலும் பெற்ற அளவுகளிலிருந்து கனிமீடுக்கு வாயு மண்டலம் உண்டு என்று அறிவிக்கப்பட்டது. அது மிகமிக மெல்லியதென்பதை 1979-இல் வாயேஜர் கலம் காட்டியது. அத்துணைக்கோளுக்குத் தனக்கெனக் காந்தப் புலமே உண்டென்பதை 1996-இல் கலிலியோ கலத்தின் காந்தமானி கண்டது. இப்போது ஐரோப்பியரின் ஜூஸ் கலம் கனிமீடை நாடிச் சென்றுகொண்டிருக்கிறது. 2023 ஏப்ரல் 14 அன்று புறப்பட்ட அது 2031-இல் வியாழனை அடையும். 2034-இல் கனிமீடைச் சுற்றத் தொடங்கும் என்பது திட்டம். அதன் காந்தமானிக்கும் டௌகர்டியின் குழுவே பொறுப்பு. பனிக்கு அடியிலுள்ள உப்புக் கடலில் தூண்டப்படும் மின்னோட்டத்தை அளப்பது அக்கருவியின் வேலை; அதைத் தாங்கும் நீட்டுகோலின் நீளம் பத்து மீட்டருக்குச் சற்று மேல்.