பத்து டன் எருமைக்கு எவ்வளவு புல் வேண்டும்?

இது ஒரு கோப்பை தேநீரில் முடிகிற பேச்சு இல்லை, நிதானமாகவே பேசுவோம். மாயக் கதைகளில் மனிதர்கள் ஏறிப் போகும் விலங்குகள் ஏராளம். சிறகு முளைத்த குதிரை, நெருப்பு கக்கும் டிராகன், ராட்சதக் கழுகு என்று வரிசை நீளும். பெரும்பாலானவை கதாநாயகனை ஓரிடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு மறைந்துவிடும். இரவில் அவை எங்கே நின்றன, என்ன தின்றன, தூங்கினவா என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்கவைத்த ஒரு விலங்கு உண்டு. அதன் பெயர் ஆப்பா.

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்ற அமெரிக்க அனிமேஷன் தொடரில் வரும் பறக்கும் காட்டெருமை அது. ஜேம்ஸ் கேமரூனின் நீல மனிதர்கள் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மைக்கேல் டான்டே டிமார்ட்டினோவும் பிரையன் கொனியெட்ஸ்கோவும் உருவாக்கிய இந்தத் தொடர், நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2005 பிப்ரவரியில் தொடங்கி 2008 ஜூலையில் முடிந்தது. மொத்தம் 61 அத்தியாயங்கள். நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகியவற்றை ஆளும் வித்தை தெரிந்த நான்கு மக்கள் வாழும் உலகம் அது. நெருப்பு நாடு போர் தொடுத்து, மலைமேல் மடங்களில் வாழ்ந்த காற்று நாடோடிகளை அழித்துவிடுகிறது. தப்பிய சிறுவன் ஆங், நூறு ஆண்டுகள் பனிக்குள் உறைந்து கிடந்து எழுகிறான். அவனோடு உறைந்து அவனோடு எழுந்தது ஆப்பா.

உருவத்தைக் கேளுங்கள். அடர்ந்த வெள்ளை முடி, முதுகில் ஓடும் பழுப்புப் பட்டை, நெற்றியில் ஓர் அம்புக்குறி, இரண்டு கொம்புகள், ஆறு கால்கள், துடுப்புபோல் அகன்ற தட்டை வால். அமெரிக்கப் புல்வெளிகளின் பைசனையும், நீர்த்தாவரம் தின்று வாழும் மனாட்டி என்ற கடல்வாழ் விலங்கையும் சேர்த்துப் பிசைந்த வடிவம். ஹயாவோ மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’ படத்தில் பல கால்களோடு ஓடிவரும் பூனைப் பேருந்தின் சாயலும் அந்த ஆறு கால்களில் இருக்கிறது. எடை பத்து டன் என்று தொடரிலேயே பேசிக்கொள்கிறார்கள். ஆண் ஆப்பிரிக்க யானையே சுமார் ஆறு டன்தான்.

பத்து டன் எப்படிப் பறக்கும்? 1638இல் கலிலியோ எழுதி வைத்த கணக்கை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒரு விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகிவிடும். ஆனால் எலும்பின் குறுக்குவெட்டும் சிறகின் பரப்பும் நான்கு மடங்குதான் கூடும். உடல் பெருக்கப் பெருக்க, தூக்க வேண்டிய பாரம் தூக்குகிற உறுப்பை முந்திக்கொண்டு ஓடும். அதனால்தான் இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவை இருபது கிலோவைச் சுற்றியே நின்றுவிடுகின்றன. பூமியில் பறந்தவற்றிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றான கெட்சால்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வனவுக்கே இருநூறு, இருநூற்றைம்பது கிலோ என்றுதான் பல மதிப்பீடுகள் சொல்கின்றன. ஆப்பா அதைப்போல நாற்பது மடங்கு.

இந்த இடத்தில் தொடரை உருவாக்கியவர்கள் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். ஆப்பாவுக்குச் சிறகே கிடையாது. அந்த உலகில் காற்றை வளைக்கும் வித்தையின் முதல் ஆசான்கள் பறக்கும் காட்டெருமைகள்தான்; நாடோடிகள் அவற்றைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். மனிதன் கையை வீசிச் செய்வதை எருமை அகன்ற வாலை வீசிச் செய்கிறது. அந்த உலகம் முழுவதையும் தாங்கி நிற்கிற ஒரே மாயம்தான் ஆப்பாவையும் தூக்குகிறது. அதற்கென்று தனி மாயம் எதுவும் கேட்கப்படவில்லை. ஒரு பொய்யை நம்பச் சொன்னார்கள், மற்ற எல்லாவற்றிலும் உண்மையாக இருந்தார்கள். பசி, களைப்பு, முடி உதிர்தல், அச்சம், பிரிவு என ஓர் உடலுக்குச் சேர வேண்டிய அத்தனையையும் ஆப்பாவுக்குக் கொடுத்தார்கள். கற்பனை விலங்கை நாம் நம்புவது அதன் அதிசயத்தால் அல்ல, இந்தத் தேவைகளால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் அத்தியாயத்தையே பாருங்கள். நூறு ஆண்டு உறைந்து கிடந்த விலங்கின் முதுகில் எல்லோரும் ஏறி உட்காருகிறார்கள். ‘யிப் யிப்’ என்கிறான் ஆங். அதுதான் பறப்பதற்கான சொல். ஆப்பா எம்பிக் குதித்துத் தண்ணீரில் விழுகிறது, பிறகு நீந்திக்கொண்டே போகிறது. களைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்கிறான் ஆங். அதிசய விலங்கை அறிமுகம் செய்யும் காட்சியில் அதிசயத்தைத் தள்ளிவைத்துக் களைப்பை முதலில் காட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

இனி தீவனக் கணக்கு. இது தொடரில் வராது, நாமே போட்டுப் பார்ப்போம். ஒரு டன் எடையுள்ள ஆண் பைசன், மாட்டினத்தின் பொது அளவுப்படி, உடல் எடையில் சுமார் இரண்டு சதவீதம் உலர் தீவனம் தின்னும். அதாவது இருபது கிலோ. பத்து டன்னுக்கு இருநூறு கிலோவா? இல்லை. பெரிய உடல் ஒவ்வொரு கிலோவுக்கும் செலவழிக்கும் ஆற்றல் குறைவு. 1932இல் மேக்ஸ் கிளைபர் கண்டு சொன்ன விதி இது: எடை பத்து மடங்கானால் ஆற்றல் தேவை ஐந்தரை மடங்கு அளவில்தான் உயரும். ஆக, நாளொன்றுக்கு ஏறக்குறைய நூற்றுப்பத்து கிலோ உலர் தீவனம். பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர் என்பதால், மேய்ந்து தின்றால் தினமும் அரை டன் புல் வேண்டும். பறக்கும் உழைப்பை இதில் சேர்க்கவே இல்லை.

தின்றால் மட்டும் போதாது. மாடு ஒரு நாளில் எட்டு மணி நேரம் மேய்ந்தால், ஏறக்குறைய அதே அளவு நேரம் அசைபோடும். யானை அசைபோடாது, ஆனால் தின்றதில் பாதிகூடச் செரிக்காது என்பதால் நாளின் பெரும்பகுதியைத் தின்றே கழிக்கும். பெரிய தாவர உண்ணிக்கு ஒரு சலுகையும் உண்டு. நீண்ட குடலில் தீவனம் அதிக நேரம் தங்குவதால், சிறிய விலங்குகள் ஒதுக்குகிற முற்றிய புல்லிலும் அதனால் உயிர் வாழ முடியும். அதற்கு விலையாக நேரத்தைக் கொடுக்கிறது. ஆகவே புல் தின்னும் விலங்கின்மீது போகும் பயணம், பாதி நாள் நின்று நின்று போகும் பயணம். ஆங் கூட்டம் மாலையானால் இறங்கி முகாம் போடுவதை இந்தக் கணக்கோடு பாருங்கள். எல்லாம் பொருந்தி வரும்.

சுமக்கும் கணக்கும் உண்டு. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கலாம் என்பது நெடுநாளைய வழக்கம். ஆப்பாவின் சேணத்தில் ஐந்தாறு பேரும் மூட்டைகளும் ஏறினாலும் அரை டன். அதன் எடையில் ஐந்து சதவீதம்தான். ஆனால் பெரிய உடல் என்றாலே எங்கு வேண்டுமானாலும் பாரம் ஏற்றலாம் என்பதில்லை. யானையின் முதுகெலும்பு மேல்நோக்கி வளைந்து, கூரிய முனைகளோடு நிற்கும். நடு முதுகில் நாள்தோறும் வைக்கும் பாரம் அதற்கு வலி. பாகன் கழுத்தில் உட்காருவது அனுபவம் கண்டுபிடித்த இடம். ஆங்கும் ஆப்பாவின் தலைமேல்தான் உட்காருகிறான். கடிவாளக் கயிறு வாயில் இல்லை, கொம்புகளில் கட்டியிருக்கிறது. வாயை வெட்டும் இரும்பு அதற்குத் தேவைப்படவில்லை.

அந்தக் கயிறு இன்னொரு கேள்விக்குக் கொண்டுபோகிறது. புல் தின்பதாலா ஆப்பா சாதுவாக இருக்கிறது? இல்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மற்ற எந்த விலங்கையும்விட அதிகமான மனிதர்களைக் காயப்படுத்தியது பைசன்தான் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. மனிதன் ஓடும் வேகத்தைப்போல மூன்று மடங்கு வேகத்தில் அது ஓடும். பெரிய தாவர உண்ணியின் சாந்தம் என்பது தன் பலத்தை அறிந்த உடலின் நிதானம். பயமுறுத்தினால் அது கலையும். ஆப்பாவும் எதிரிகளை வால் காற்றால் அடித்து வீசும், பூமிக்கடியில் அடைத்தால் மிரளும். ஆங்கிடம் அது காட்டும் மென்மை பழகி வளர்த்தது. காற்று மடத்துச் சிறுவர்கள் சின்னஞ்சிறு வயதில் எருமைக் கன்றுகளைச் சந்திக்கும் காட்சி ஒன்று வருகிறது. இது வாழ்நாள் துணை என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆங் ஓர் ஆப்பிளை நீட்டுகிறான். ஒரு கன்று வாங்கிக்கொள்கிறது. அங்கே தொடங்குகிறது உறவு.

இந்த உடலின் இயல்பே கதையை நகர்த்தவும் செய்கிறது. இரண்டாம் பருவத்தில் ‘தி சேஸ்’ என்ற அத்தியாயம். வசந்தம் வந்துவிட்டது, ஆப்பா முடி உதிர்க்கிறது. எங்கே பறந்து போனாலும் நெருப்பு நாட்டு இளவரசி அசூலா பின்னாலேயே வந்துவிடுகிறாள். காற்றில் சிதறிய வெள்ளை முடிதான் வழி காட்டியிருக்கிறது. இரவு முழுக்கத் துரத்தல், யாருக்கும் தூக்கமில்லை. ஆப்பாவும் பறந்தபடியே கண் செருகிக் கீழே இறங்குகிறது. குளிர்நாட்டு மாட்டினம் வசந்தத்தில் முடி உதிர்ப்பது சாதாரண உண்மை. அந்தச் சாதாரண உண்மையிலிருந்து ஓர் அத்தியாயம் முழுக்கப் பதற்றம் பிறந்தது.

பிறகு அவர்கள் ஆப்பாவைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பாலைவனத்தில் மணலுக்குள் அமிழும் நூலகம். உள்ளே நண்பர்கள் இருக்கிறார்கள். வெளியே டோஃப் என்ற பார்வையற்ற சிறுமி, நிலத்தை வளைக்கும் தன் சக்தியால் கட்டடத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். அந்த நேரத்தில் கொள்ளையர்கள் ஆப்பாவைக் கட்டி இழுக்கிறார்கள். கையை எடுத்தால் நண்பர்கள் புதைவார்கள். எடுக்காவிட்டால் ஆப்பா போகும். அவள் கையை எடுக்கவில்லை. அடுத்த அத்தியாயங்களில் எல்லோரும் நடக்கிறார்கள். தாகம், வெயில், அகதிகளோடு ஆபத்தான மலைப்பாதை. வரைபடத்தில் ஒரே தாவலாக இருந்த தூரங்களுக்கு அப்போதுதான் நீளம் வருகிறது. அதுவரை அந்த மைல்களை யார் சுமந்தார்கள் என்று பார்க்கும் குழந்தைக்குப் புரிகிறது.

2006 அக்டோபரில் வந்த ‘ஆப்பாஸ் லாஸ்ட் டேஸ்’ அத்தியாயம் பிரிவை விலங்கின் பக்கம் நின்று சொன்னது. ஆப்பா விற்கப்படுகிறது, சர்க்கஸில் சவுக்கும் நெருப்பும் காட்டி வதைக்கப்படுகிறது, தப்பி ஓடிச் சண்டையிட்டுக் காயப்படுகிறது. ஆங்கின் தோழி சூகி கண்டுபிடிக்கும்போது அது மனிதர்களைக் கண்டாலே மிரளும் நிலையில் இருக்கிறது. அவள் உணவு வைத்து, முள் பிடுங்கி, முடியைச் சுத்தம் செய்கிறாள். பிறகு மலைமேல் குரு பாதிக் என்ற முதியவர், அவசரப்படாமல், நாள் கணக்கில் சிறிது சிறிதாக நெருங்குகிறார். ஆப்பாவுக்குப் பேச்சு கிடையாது. டீ பிராட்லி பேக்கர் என்ற குரல் கலைஞரின் உறுமலும் முனகலும் மட்டுமே. ஆனாலும் அடிபட்ட விலங்கின் நம்பிக்கை எப்படி உடைகிறது, எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்பதைக் குழந்தைகளுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்ன படைப்பு எனக்குத் தெரிந்து அரிது. விலங்குநல அமைப்பான அமெரிக்க ஹ்யூமேன் சொசைட்டி அந்த அத்தியாயத்துக்கு ஜெனிசிஸ் விருது கொடுத்தது.

இந்தக் கதையின் பக்கத்தில் ஓர் உண்மை வரலாறும் நிற்கிறது. அமெரிக்கப் புல்வெளிகளில் ஒரு காலத்தில் மூன்று முதல் ஆறு கோடி பைசன்கள் திரிந்தன என்பது பரவலான மதிப்பீடு. தோல் வணிகமும் ரயில் பாதையும் துப்பாக்கியும் சேர்ந்து, 1880களின் இறுதிக்குள் அதை ஆயிரத்துச் சொச்சமாக்கின. லகோட்டா, செயென் போன்ற பூர்வகுடிகளின் உணவும் உடையும் கூடாரமும் அந்த விலங்கிலிருந்து வந்தவை. விலங்கு அழிந்தால் மக்கள் பணிவார்கள் என்று ராணுவத் தளபதிகள் சிலர் அந்த வேட்டையை வரவேற்றார்கள். 1902இல் யெல்லோஸ்டோனில் எஞ்சியவை இரண்டு டஜன் அளவே. ஒரு மக்களும் அவர்களது எருமைகளும் சேர்ந்தே அழிக்கப்பட்ட கற்பனை நாட்டின் கதை, இதைப் படித்த பிறகு வேறு கனத்தோடு மனதில் இறங்கும். நிஜ பைசன்கள் அழிவின் விளிம்பிலிருந்து மீண்டன. பூர்வகுடிச் சமூகங்கள் பல, மந்தைகளைத் தங்கள் நிலத்துக்கே திரும்பக் கொண்டுவந்துகொண்டிருக்கின்றன. தொடரின் அடுத்த தலைமுறைக் கதையான ‘தி லெஜண்ட் ஆஃப் கோரா’விலும் பறக்கும் எருமை மந்தை ஒன்று திரும்பிவருகிறது, இறைச்சிக்காக அவற்றைத் திருடுகிறவர்களும் கூடவே வருகிறார்கள், காப்பாற்ற வேண்டிய வேலையும் வருகிறது.

மாய உலகம் எழுத நினைக்கும் இளைஞர்கள் என்னிடம் விலங்கு வரைந்து காட்டும்போது, கொம்பையும் சிறகையும் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. அது என்ன தின்னும், எவ்வளவு நேரம் தின்னும், எதைக் கண்டு மிரளும், யாரைத் தேடும் என்று கேட்கிறேன். இவற்றுக்குப் பதில் இருந்தால் அந்த விலங்கு தானே கதைக்குள் நடந்து வரும். ஏறி உட்காரும் உயிரின் பசியையும் வலியையும் கணக்கில் எடுத்துக்கொள்வது எழுத்து நுணுக்கம் என்பதைவிட முதலில் ஒரு நியாயம். அந்த நியாயத்தைக் குழந்தைகள் கதையில் பழகிக்கொண்டால், வண்டி இழுக்கும் மாட்டையும் ஊர்வலத்தில் நிற்கும் யானையையும் பார்க்கும்போது அதே கேள்விகளைக் கேட்பார்கள். அவர்கள் கேட்க வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.