போபால் வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கு வக்கீல் யார்?

ஒரே தீங்கால் பல்லாயிரம் பேர் பாதிக்கப்படும்போது ஆளுக்கொரு வழக்கு என்பது நடக்காத காரியம். எல்லோருக்குமாகச் சிலர் தொடுக்கும் கூட்டு வழக்குதான் வழி. சிவில் நடைமுறைச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. அதோடு, சம்பந்தப்பட்ட அனைவருக்கும் அறிவிப்பு போக வேண்டும், விரும்புகிறவர் தாமே வழக்கில் சேர மனு செய்யலாம் என்றும் சொல்கிறது.

போபால் வழக்கு இந்த வழியில் போகவில்லை. 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்தது. சில நாட்களிலேயே அமெரிக்க வழக்கறிஞர்கள் வந்திறங்கி, இழப்பீட்டில் பங்கு என்ற கணக்கில் வக்காலத்துகளைத் திரட்டினார்கள். 1985 மார்ச்சில் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் வழக்காடும் உரிமையை மத்திய அரசுக்கு மட்டுமே தந்தது.

அந்த ஆலையை நடத்திய இந்திய நிறுவனத்தில் அரசு நிதி நிறுவனங்களுக்கும் பங்கு இருந்தது. பிரதிவாதியாக நிற்க வேண்டியவரே வாதியாவதா என்ற கேள்வி அதனால்தான் எழுந்தது. வேறு யாராலும் இந்த வழக்கை நடத்த முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதைத் தாண்டிச் சென்றது.

தனிமனிதருக்கென்று எஞ்சியது அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. அவர் சொல்ல விரும்புவதை அரசு கருத்தில் கொள்ள வேண்டும். அவர் கேட்டால், தம் செலவில் தமக்குப் பிடித்த வழக்கறிஞரை அரசோடு இணைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். ஆலையை ஒட்டிய குடிசைகளில் மூச்சுத்திணறிக் கிடந்த கூலிக்காரருக்கு ‘தம் செலவில்’ என்ற சொற்களே கதவை அடைத்துவிட்டன.

அரசு கேட்டது 330 கோடி டாலர். 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அமெரிக்கக் கூட்டு வழக்கில் சமரசத்துக்கு முன் அறிவிப்பு உண்டு. அது நியாயமானதா என்று நீதிபதி விசாரிப்பார். இழப்பீட்டு வழக்குகளில் பொதுவாக விலகிக்கொள்ளும் உரிமையும் உண்டு. சமரசத்துக்கு முன் அறிவிப்பு தந்திருக்க வேண்டும் என்று அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் சட்டம் செல்லும், சீராய்வில் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பைக் கேட்டால் போதும் என்றது. 1991 அக்டோபரில் வந்த சீராய்வுத் தீர்ப்பில் தொகை மாறவில்லை. சமரசத்தில் குற்ற வழக்குகளைக் கைவிடும் பகுதி மட்டும் ரத்தானது. பணம் போதாவிட்டால் அரசே ஈடுகட்ட வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது.

தனித்தனி ஆளாகப் பாதிக்கப்பட்டவர்கள் பேச முடிந்தது இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில்தான். அங்கே கேட்கப்பட்டவை மருத்துவச் சீட்டும் முகவரிச் சான்றும். காயமடைந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். கூடுதல் இழப்பீடு கேட்டு மத்திய அரசு தொடுத்த மனு 2023 மார்ச்சில் தள்ளுபடியானது.