நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருமுன் ஆயத்தஞ் செய்ய வேண்டியவை

வயலையும் தோட்டத்தையும் காவல் செய்வதில் நல்ல நாய்க்கு நிகரான துணை கமக்காரருக்கு அரிது. கதிர் முற்றுங் காலத்தில் வயலினுட் புகும் காட்டுப்பன்றியையும், மரவள்ளிக் கிழங்கைத் தோண்டும் முள்ளம்பன்றியையும், காய்ப் பருவத்திற் கூட்டமாய் வரும் குரங்கையும் அது மோப்பத்தால் உணர்ந்து குரல் கொடுக்கும். ஆயினும், விதைநெல்லை முளைக்கப் போடுமுன் நாற்றுமேடையைப் பண்படுத்தும் கமக்காரர் பலர், நாய்க்குட்டியை மாத்திரம் எவ்வித ஆயத்தமுமின்றி வழியிற் கண்டபோது தூக்கி வந்துவிடுகின்றனர். அவ்வாறு வந்த குட்டி சில நாட்களிற் கழிச்சல் கண்டு இறத்தலும், வீட்டிலுள்ள சிறுவர்க்கு நோயைக் கொடுத்தலும் உண்டு.

குட்டிக்கு வேண்டிய சாமான்கள் மிகச் சில. அவற்றுட் பெரும்பாலானவை வீட்டிலேயே உள்ளவை. அவற்றை எல்லாம் சேகரித்து வைத்த பின்னரே குட்டியைக் கொண்டுவருதல் வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது.

குட்டியின் வயது

எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயினின்றும் பிரித்தலாகாது. முன்னரே பிரிக்கப்பட்ட குட்டி நோய்க்கு எளிதில் இரையாகும். கூடப் பிறந்த குட்டிகளுடன் விளையாடி, கடியின் வலுவை அடக்கும் பழக்கத்தையும் பெறாது. கண்ணிற் பீளையின்றி, மூக்கிற் சளியின்றி, சுறுசுறுப்பாக ஓடும் குட்டியைத் தெரிந்தெடுக்க. மெலிந்த உடலும் உப்பிய வயிறும் குடற்புழுவின் அறிகுறியாகலாம்.

படுக்கையும் இருப்பிடமும்

ஒரு பலகைப் பெட்டியோ அகன்ற பழங்கடகமோ போதுமானது. நிலத்தின் ஈரம் ஏறாதபடி அதனை இரண்டு செங்கற்களின்மேல் வைத்து, துவைத்து வெயிலிற் காயவிட்ட பழஞ்சேலையையோ சாக்கையோ விரித்தல் வேண்டும். உரமோ பூச்சிநாசினியோ இருந்த பையை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு உபயோகித்தலாகாது. குட்டி எதனையும் நக்கும், கடிக்கும். நனைந்த வைக்கோலும் உதவாது. அதிற் பூஞ்சணம் பிடிக்கும்.

குட்டியை எடுக்கச் செல்லும்போது ஒரு துணித்துண்டைக் கொண்டுசென்று, தாய் படுத்த இடத்திற் சிறிது நேரம் போட்டு, அதனையும் உடன் எடுத்துவருக. முதலிரவில் தாயின் மணம் அதற்கு ஆறுதல் தரும். மாரிகாலமாயின், இளஞ்சூட்டு நீர் நிறைத்து இறுக மூடிய போத்தலைத் துணியிற் சுற்றிப் பெட்டியின் ஒரு புறத்தில் வைக்கலாம்.

உணவும் பாத்திரங்களும்

கவிழாத கனமான மண்சட்டிகள் இரண்டு வேண்டும். ஒன்று நீருக்கு, மற்றது உணவுக்கு. நீர்ச்சட்டியில் எப்பொழுதும் தூய நீர் இருத்தல் அவசியம்.

முதல் வாரத்தில் குட்டி முன்பிருந்த வீட்டில் உண்ட உணவையே கொடுத்து, பின்னர் சிறிது சிறிதாக மாற்றுக. திடீரென மாற்றினாற் கழிச்சல் உண்டாகும். மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், அதன்பின் இரண்டு வேளையும் உணவளிக்கலாம். வெறுஞ் சோறும் குழம்பும் வளரும் குட்டிக்குப் போதா. முள் நீக்கிய அவித்த மீன், அவித்த முட்டை, இறைச்சி ஆகியவற்றுள் ஒன்றைச் சோற்றுடன் பிசைந்து கொடுத்தல் வேண்டும். எனினும் இவ்வுணவிற் சுண்ணாம்புச் சத்துக் குறைவாதலின், எலும்பு வளர்ச்சிக்கு அதனை எவ்வாறு ஈடுசெய்வதென்று கால்நடை வைத்தியரிடம் கேட்டறிக. குட்டிகளுக்கெனக் கடைகளில் விற்கப்படும் தீன் கொடுப்பின், பையில் அச்சிட்டுள்ள அளவைப் பின்பற்றுக. பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தை விளைவிக்கும்.

நாம் உண்பவற்றுட் சில நாய்க்கு நஞ்சாகும். வெங்காயமும் உள்ளியும் அதன் குருதியிலுள்ள செங்கலங்களை அழிப்பன. முந்திரிகைப் பழம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் வெங்காயமும் முந்திரிகையும் பயிரிடப்படுவனவாதலின், அறுவடைக் காலத்தில் விசேட கவனம் வேண்டும். வெங்காயமிட்ட கறி மீதியைக் குட்டிக்கு ஊற்றுதலும் தவறு. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

கழுத்துப்பட்டியும் கயிறும்

மெல்லிய துணிநாடாவாற் செய்த பட்டியே குட்டிக்கு ஏற்றது. தும்புக்கயிறு தோலை அறுத்துப் புண்ணாக்கும். அதில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைதல் வேண்டும். குட்டி விரைவில் வளருமாதலின் வாரந்தோறும் இதனைச் சோதித்துத் தளர்த்துக. நாள் முழுதும் கட்டிவைத்தல் நன்றன்று.

துப்புரவுச் சாமான்கள்

ஒரு சீப்பு, ஒரு பழந்துவாய், சவர்க்காரம், பழைய கடதாசி, ஒரு சிறு மண்வெட்டி என்பவை போதும். உணவுண்டவுடனும் துயிலெழுந்தவுடனும் குட்டியை வளவின் ஒரே மூலைக்குக் கொண்டுசென்றால், அங்கேயே மலசலங் கழிக்கும் பழக்கம் சில வாரங்களில் உண்டாகும். அம்மூலை மரக்கறிப் பாத்திகளுக்கும் கிணற்றுக்கும் அப்பால் இருத்தல் வேண்டும். நாயின் மலத்தோடு வெளிப்படும் வட்டப்புழுவின் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்காக உயிரோடு கிடக்கும். கீரையோடும் அழுக்குக் கையோடும் சிறுவரின் வயிற்றுட் செல்லும் முட்டையிலிருந்து வரும் இளம்புழு, ஈரலையும் சிலவேளை கண்ணையும் கெடுக்கும். ஆதலின் மலத்தை அன்றன்றே அகற்றி ஆழப் புதைக்க.

உண்ணியையும் தெள்ளையும் நாளும் சீவி எடுத்தல் வேண்டும். பயிருக்குத் தெளிக்கும் மருந்தைக் கரைத்து நாயிற் பூசும் வழக்கம் மிகக் கொடியது. குட்டி அதனை நக்கி இறக்கும். நாய்க்கெனச் செய்த மருந்தையே, குட்டியின் வயதையும் நிறையையும் கூறி வைத்தியரிடம் பெறுக.

பூட்டி வைக்க வேண்டியவை

வாங்கும் சாமான்களினும், மறைத்து வைக்கும் சாமான்களே குட்டியின் உயிரைக் காப்பன. பூச்சிநாசினி, களைநாசினி, யூரியா, எலிநஞ்சு, நத்தை கொல்லும் குளிசை ஆகியவற்றைக் கதவுள்ள பெட்டியிற் பூட்டி உயரத்தில் வைக்க. உரமாக இடும் ஆமணக்கம் பிண்ணாக்கை நாய் விரும்பி உண்ணும். ஆனால் அது கடும் நஞ்சு. எலிக்கு நஞ்சு வைத்த நாட்களில் இறந்த எலிகளைத் தேடிப் புதைத்தல் வேண்டும். பன்றிக்கு வைக்கும் கண்ணியும் வெடியும், காவலுக்கு வளர்த்த நாயையே கொல்லும் என்பதை மறத்தலாகாது. கட்டில்லாத தோட்டக் கிணற்றைச் சுற்றி வேலியடைத்த பின்னரே குட்டியை அங்கு விடலாம்.

புழு மருந்தும் தடுப்பூசியும்

குடற்புழு தாயின் கருப்பையிலும் பாலிலும் இருந்தே குட்டிக்குத் தொற்றும். ஆதலின் இரண்டு வார வயது தொடங்கி எட்டு வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், பின் ஆறு மாதம் வரை மாதமொருமுறையும் புழு மருந்து கொடுத்தல் முறை. குட்டியை வாங்கும்போது, எந்நாளில் என்ன மருந்து கொடுக்கப்பட்டதென்று கேட்டு எழுதிக்கொள்க.

கழிச்சலையும் குருதி வாந்தியையும் உண்டாக்கும் பார்வோ நோய்க்கும், டிஸ்டெம்பர் நோய்க்கும் எதிரான ஊசிகள் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, நான்கு மாதம் வரை சில வார இடைவெளியிற் போடப்படும். இவை முடியுமுன் குட்டியைக் கட்டாக்காலி நாய்களுடன் சேரவிடலாகாது. வயலில் வேலை செய்வோர் நன்கறிந்த எலிக்காய்ச்சல் நாயையும் பற்றும். அதற்கும் ஊசி உண்டு.

எல்லாவற்றினும் முதன்மையானது விசர்நோய்த் தடுப்பூசி. இந்நோய்க்கென இத்தீவில் 1893ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1973ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்கு ஊசி போடும் வேலை பரவியதனாலேயே அத்தொகை இன்று ஐம்பதுக்குங் கீழ் இறங்கியுள்ளது. சிறு குட்டிக்கு விசர் வராது என்பது தவறான எண்ணம். தாயையோ குட்டியையோ விசர்நாய் கடித்திருப்பின், கையில் ஏந்தி விளையாடும் குட்டியாலும் நோய் பரவும். எனவே குட்டி வந்த வாரத்திலேயே கால்நடை வைத்தியரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ ஊசிக்குரிய நாளைக் கேட்டறிக. முதல் ஊசியின் பின்னரும் வைத்தியர் குறிக்கும் நாட்களில் தவறாது போடுவித்தல் வேண்டும். ஊசி அட்டையை வீட்டுப் பத்திரங்களுடன் பேணுக.

குட்டி கடித்தாலும், பல்லோ நகமோ கீறினாலும், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு எதனையும் பூசவேண்டாம். நோயின் குணங்கள் தோன்றிய பின் உயிரைக் காக்கும் மருந்து இல்லை. தோன்றுமுன் போடும் ஊசி காக்கும்.

சுருக்கம்

குட்டி வருமுன்: பெட்டி ஒன்று, காய்ந்த விரிப்பு இரண்டு, மண்சட்டி இரண்டு, ஒரு வாரத்துக்குரிய உணவு, துணிப்பட்டி, சீப்பு, சவர்க்காரம், பூட்டுள்ள நஞ்சுப் பெட்டி, வேலியிட்ட கிணறு.

குட்டி வந்த வாரத்தில்: வைத்தியரின் சோதனை, புழு மருந்து, ஊசி அட்டை.

இவற்றுக்காகும் செலவு சிறிது. நன்கு பேணப்பட்ட குட்டி ஓராண்டினுள் வளர்ந்து, பல போகங்களுக்கு உங்கள் விளைச்சலையும் வீட்டையும் காத்து நிற்கும்.