நஞ்சுக்கொடி: முதல் 12 வாரங்களில் நிகழ்வது என்ன?

மரக்காணம் உப்பளங்களில் பணிபுரியும் சகோதரிகளே, வயிறு தெரியத் தொடங்கிய பின் பதிவு செய்துகொள்ளலாம் என எண்ணுகிறீர்களா? குழந்தைக்கு உணவும் உயிர்வளியும் அளிக்கும் நஞ்சுக்கொடியின் அடித்தளம் அதற்கு முன்பே அமைந்துவிடுகிறது.

எவ்வாறு உருவாகிறது?

கருவுற்ற 6 அல்லது 7 நாட்களில் கரு கருப்பையின் உட்சுவரில் பதியத் தொடங்குகிறது. கருவின் வெளியடுக்கு உயிரணுக்களிலிருந்தே நஞ்சுக்கொடி வளர்கிறது. அவ்வுயிரணுக்கள் கருப்பைச் சுவரில் ஊடுருவி, தாயின் இரத்தக் குழாய்களின் வாயை ஏறத்தாழ 10 வாரங்கள் வரை பெருமளவு அடைத்து வைக்கின்றன. அதுவரை கருப்பைச் சுரப்பிகளின் ஊட்டநீரே கருவைப் பேணுகிறது. பின்னர் அடைப்பு நீங்கி, அகன்ற குழாய்கள் வழியே தாயின் இரத்தம் நஞ்சுக்கொடியை அடைகிறது. குழாய்கள் போதிய அளவு அகலாவிடில், பிற்காலத்தில் தாய்க்கு உயர் இரத்த அழுத்தமும் குழந்தைக்கு வளர்ச்சிக் குறைவும் நேரிடலாம்.

ஆய்வுகள் கூறுவது

கருப்பையினுள் நிகழும் இத்தொடக்க மாற்றங்களை நேரில் ஆராய்வது கடினம். எனவே 2018-ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மார்கெரிட்டா டுர்கோ, ஆஷ்லி மொஃபெட் குழுவினர் நஞ்சுக்கொடி உயிரணுக்களிலிருந்து சிறு மாதிரிகளை ஆய்வகத்தில் வளர்த்தனர். கர்ப்பப் பரிசோதனை அட்டை 'கர்ப்பம்' எனக் காட்டும் அளவுக்கு அவை ஹார்மோனைச் சுரந்தன. நஞ்சுக்கொடிக் குறைபாடுகளின் காரணத்தை அறிய இம்மாதிரிகள் உதவுகின்றன.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர், உப்பளம், செங்கல் சூளை, வயல் ஆகியவற்றில் பணிபுரிவோர் உட்படத் தமிழகத்தின் 800 கர்ப்பிணிகளிடம் ஆய்வு செய்தனர். கடும் வெப்பத்தில் பணிபுரிந்தோருக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என 2024-இல் அறிவித்தனர். வெப்பத்தில் உடல் நீரை இழக்கிறது; இரத்தம் தோலுக்கு மிகுதியாகத் திருப்பப்படுகிறது. இதனால் கருப்பைக்குச் செல்லும் இரத்தம் குறையக்கூடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மாதவிடாய் தள்ளிப்போனவுடன் பரிசோதித்து, 12 வாரங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள்.
• ஃபோலிக் அமில மாத்திரையை அறிவுரைப்படி உட்கொள்ளுங்கள்.
• நண்பகல் வெயிலில் பணி செய்வதைத் தவிருங்கள். இயலாவிடில் அடிக்கடி நிழலில் ஓய்வெடுங்கள்.
• கழிப்பறை இல்லை என்பதற்காகக் குடிநீரைக் குறைக்காதீர்கள்.
• ஒவ்வொரு பரிசோதனையிலும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

தொடக்கக் கருச்சிதைவுகளில் பல, கருவின் குரோமோசோம் குறைபாட்டால் நேர்பவை. அதற்காகப் பெண்ணைக் குறைகூறுதல் தகாது. உப்பு வாரும் பணியின் சுமையை அவருடன் பகிர்ந்துகொள்ளுங்கள்.

இரத்தப்போக்கு, கடும் வயிற்றுவலி, கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் தாமதியாது 108-ஐ அழையுங்கள். ஐயங்களுக்கு 104-ஐ அழைக்கலாம்.