சீப்புக்கு அப்புறம்தான் வைப்ஸ்

எந்த ஊர் செல்லப்பிராணிக் கடைக்குப் போனாலும் ஷாம்பூ பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே வைப்ஸ் பாக்கெட்டுகள் இருக்கும். குளிப்பாட்ட வேண்டாம், எடுத்துத் துடைத்தால் போதும் என்பது அவற்றின் மேலட்டை தரும் வாக்கு. ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களிடம் அந்த வாக்கு ஓரளவு பலிக்கும். அவற்றின் முடி குட்டையானது, உடம்போடு ஒட்டிக் கிடப்பது. மேலே துடைத்தாலே ஈரம் தோல்வரை போய்விடும். ஆனால் வைப்ஸ் மீது ஆசை அதிகம் வருவது, குளிப்பாட்டுவதே பெரும்பாடாக இருக்கும் ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் போன்ற அடர்முடி நாய்களை வளர்ப்பவர்களுக்குத்தான். வைப்ஸால் மிகக் குறைவாகச் சாதிக்க முடிவதும் அந்த நாய்களிடம்தான். அடர்முடி நாயைச் சுத்தமாக வைப்பது சீப்பும் உலர்த்தலும். அந்த இரண்டும் ஒழுங்காக நடக்கும் வீட்டில் வைப்ஸ் நல்ல துணை. அவை நடக்காத வீட்டில் அழுக்கை மூடி மறைக்கவே அது உதவும்.

காரணம் முடியின் அமைப்பில் இருக்கிறது. இந்த இனங்களுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான, சற்று முரடான முடி. அடியில் பஞ்சுபோல மெல்லிய, நெருக்கமான உள்முடி. நாயின் தோலில் ஒரே துவாரத்திலிருந்து ஒரு தடித்த முடியும் அதைச் சுற்றிப் பல மெல்லிய முடிகளும் சேர்ந்து முளைக்கும். பனிநாட்டு இனங்களில் அந்த மெல்லிய முடி மிக அடர்த்தியாகி, காற்றைப் பிடித்துவைத்து, குளிரையும் ஈரத்தையும் தோலுக்கு அண்டவிடாமல் தடுக்கிறது. பனித்துளியையே உள்ளே விடாத அந்த அடுக்கை, பாதி உலர்ந்த ஒரு துணித்துண்டு எப்படித் தாண்டும்? மேல்முடியின் நுனியில் படிந்த தெருப்புழுதியைத்தான் அது வழித்தெடுக்கும். வைப்ஸ் பழுப்பாவதைப் பார்க்கும்போது வேலை முடிந்த திருப்தி வந்துவிடுகிறது. அதே நாயின் காதுக்குப் பின்னால் இரண்டு கட்டைவிரலாலும் முடியை வகிர்ந்து பார்த்தால் உண்மை தெரியும்: உதிர்ந்தும் வெளியேறாமல் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும் உள்முடி, அதில் ஒட்டிய பொடுகு, எண்ணெய்ப் பிசுக்கு. குளிர்நாடுகளில் பகலின் நீளம் மாறுவதை ஒட்டி வருடத்துக்கு இரண்டு முறை உள்முடி கொத்துக் கொத்தாக உதிரும். பகல்நேரம் பெரிதாக மாறாத நம் ஊரில், அதுவும் இரவெல்லாம் விளக்கு எரியும் வீட்டுக்குள், அந்த உதிர்வு பெரும்பாலும் வருடம் முழுக்கப் பரவிவிடுகிறது. ஆகவே சீப்புக்கு இங்கே விடுமுறைக் காலம் என்று ஒன்று கிடையாது.

உதிர்ந்த முடி அப்படியே தங்கினால் சிக்கு விழும். காதுக்குப் பின்புறம், முன்காலின் அக்குள், பின்தொடை, கழுத்துப்பட்டைக்கு அடியில் என உராய்வு உள்ள இடங்களில் முதலில் விழும். சிக்கு நனைந்து காய்ந்தால் இன்னும் இறுகும். குளிப்பாட்டுவதற்கு முன்பே நாயைச் சீவிவிடுவதைத் தொழில் தெரிந்த க்ரூமர்கள் வழக்கமாக வைத்திருப்பது அதனால்தான். சிக்கின் மேல் வைப்ஸை முன்னும் பின்னும் தேய்ப்பது நனைப்பதையும் முறுக்குவதையும் ஒருசேரச் செய்கிறது. இறுகிய சிக்குக்கு அடியில் காற்றுப் புகாது, ஈரம் வெளியேறாது. தோல் அரிக்கும், நாய் நக்கும், கடிக்கும், பாக்டீரியா பெருகும். ஹாட் ஸ்பாட் என்று மருத்துவர்கள் சொல்லும் புண் இப்படித் தொடங்கக்கூடியது. காலையில் காசு அளவில் இருந்த சிவப்பு, மாலைக்குள் உள்ளங்கை அகலத்துக்குப் போய், சீழில் முடி ஒட்டிக் கிடக்கும். வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த பருவத்தில் கோல்டன் ரெட்ரீவர், செயின்ட் பெர்னார்ட் போன்ற அடர்முடி நாய்களுக்கு இது அதிகம் வரும். ஒரே ஒரு வைப்ஸின் ஈரம் இதைக் கொண்டுவந்துவிடும் என்று சொல்வது மிகை. சீவாத முடி, தினமும் துடைப்பு, துடைத்தபின் உலர்த்தாமை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஆனால் குளியலுக்குப் பதில் வைப்ஸ் என்று முடிவெடுக்கும் வீட்டில் இந்த மூன்றும் சேர்வது அரிதல்ல.

உண்ணி விஷயத்தில் சீப்புக்கும் வைப்ஸுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் அப்பட்டம். நம் ஊர் நாய்களைத் தாக்கும் பழுப்பு உண்ணி காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி என்று பார்த்துத்தான் ஒளியும். எர்லிகியா கிருமியைப் பரப்பி உண்ணிக் காய்ச்சலைக் கொண்டுவருவது அதுதான். மேல்முடியில் வழுக்கிச் செல்லும் வைப்ஸுக்கு அது அகப்படாது. சீப்பின் பல்லில் தட்டும், வகிர்ந்து பார்க்கும் விரலில் நெருடும். சீவுவதன் பெரிய லாபமே, கை தோலைத் தொடுகிறது என்பதுதான். கட்டி, புண், வீக்கம், உண்ணி எல்லாம் முதலில் தெரிவது கைக்கு.

அப்படியானால் வைப்ஸ் வீண் செலவா? இல்லை. துணி தோலைத் தொட முடிகிற இடங்கள் அடர்முடி நாயிடமும் உண்டு: பாதம், வாயோரம், கண்ணின் கீழ்ப்பகுதி, வாலின் அடி. அதிலும் பாதத்துக்கு அது உண்மையிலேயே உபகாரம். ஐப்பசி மழையில் நடந்து வந்த நாயின் விரலிடுக்கில் சாக்கடை நீரும் மணலும் தங்கும். அடுத்த நிமிடம் நாய் அதை நக்கும். வாசலிலேயே விரல்விரலாகத் துடைத்து, உடனே உலர்ந்த துண்டால் ஒற்றி எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒவ்வாமையால் அரிக்கும் நாய்களுக்கு, வெளியே போய் வந்ததும் மகரந்தத்தையும் தூசியையும் துடைத்தெடுக்கும்படி தோல் மருத்துவர்களே சொல்வதுண்டு. குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்து வைப்ஸ் பாக்டீரியா, ஈஸ்ட் தொற்றுகளுக்கு எழுதித் தரப்படுகிறது. ஆனால் அது சுத்தம் செய்யும் பொருளல்ல, மருந்து. கண்ணில் படக்கூடாது, செவிப்பறை கிழிந்த காதுக்குள் போகக்கூடாது. முடி அடர்ந்த இடத்தில் வகிர்ந்தோ கத்தரித்தோ தோலில் படவைத்தால்தான் பலன்.

வைப்ஸின் பூர்வீகத்தையும் கொஞ்சம் யோசிக்கலாம். ஈரக் காகிதத்தைச் சின்ன உறையில் அடைக்கும் யோசனை, 1957-ல் ஆர்தர் ஜூலியஸ் என்ற அமெரிக்கருடையது. 1963 முதல் அது கென்டக்கி ஃப்ரைடு சிக்கன் கடைகளில் கோழி தின்ற கையைத் துடைக்கப் போனது. முடியில்லாத மனிதத் தோலுக்காக வந்த பொருள் அது. குழந்தைகளுக்கான வைப்ஸையே நாய்க்கும் போடலாமே என்பவர்களிடம் பலரும் பிஎச் அளவைப் பற்றிப் பேசுவார்கள். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் நடுநிலைக்கு நெருக்கமானது என்பது சரிதான். ஆனால் அதைவிடக் கவனிக்க வேண்டியது வாசனைப் பொருள்களையும் பதப்படுத்திகளையும். மெத்தில்ஐசோதயாசோலினோன் என்ற பதப்படுத்தி மனிதர்களுக்கே ஒவ்வாமை தருகிறது என்று, கழுவாமல் விடும் அழகுப் பொருள்களில் அதைச் சேர்க்க 2017-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. வைப்ஸின் திரவமும் கழுவப்படுவதில்லை. நாயானால் நக்கியும் விடுகிறது. டீ ட்ரீ எண்ணெய் போன்றவை ‘இயற்கை’ என்ற பெயரில் வந்தாலும், நாய்க்கு அடர்த்தியான அளவில் நஞ்சு. வாசனை இல்லாத, ஆல்கஹால் இல்லாத வைப்ஸே வாங்கத் தகுந்தது.

துடைத்ததும் நாற்றம் போகிறதே என்பார்கள். போவதில்லை, வாசனைக்கு அடியில் ஒளிகிறது. காதில் ஈஸ்ட், பல்லில் காரை, ஆசனவாய்ச் சுரப்பி என நாற்றத்துக்கு ஊற்று வேறெங்கோ இருக்க, அதைக் கண்டுபிடிக்க உதவும் முக்கியத் தடயத்தை வைப்ஸ் அழித்துவிடுகிறது. இன்னும் வலுவான ஆட்சேபம் தண்ணீரும் நேரமும். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னையில், ஒரு ஹஸ்கிக்கு வாரந்தோறும் வாளி வாளியாக ஊற்றச் சொல்வது அநியாயம். வாரந்தோறும் தேவையும் இல்லை. ஒழுங்காகச் சீவப்படும் நாய்க்கு மாதம் ஒரு குளியல் பொதுவாகப் போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், முடியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்து, வெளிர்க்கோடாகத் தோல் தெரியும்படி வகிர்ந்து, மெல்லிய கம்பிப் பற்கள் நெருங்கிய ஸ்லிக்கர் பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுத்து, அடுத்த வகிடுக்குப் போக வேண்டும். கடைசியில் இரும்புச் சீப்பு எங்கும் தட்டாமல் ஓடினால் வேலை முடிந்தது. அதன்பின் மேலே ஒரு வைப்ஸ் ஓட்டினால் ஓட்டுங்கள்.

மொட்டையடித்துவிட்டால் இந்தப் பாடே இல்லையே? இரட்டை அடுக்கு முடியை ஒட்டக் கத்தரித்தால் சில நாய்களுக்குப் பல மாதங்கள் முடி வளராமலும், திட்டுத்திட்டாக வளர்ந்தும் போகிறது. வெயில் நேராகத் தோலில் அடிக்கும். மருத்துவக் காரணம் இருந்தால் தவிர அது வேண்டாம். இந்த நாய்களை இங்கே வளர்ப்பதே தவறு என்ற கட்சிக்கு நியாயம் உண்டு. தமிழக அரசின் 2024-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கையே, நம் வெக்கைக்கு ஒத்துவராதவை என்று ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட சில இனங்களை இங்கே பெருக்குவதற்கு எதிராக நின்றது. ஆனால் ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஹஸ்கி பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம்மோடு வாழப்போகிறது. அறுவை சிகிச்சை முடிந்து தையலோடு படுத்திருக்கும்போதும், வயதாகி நிற்க முடியாமல் போகும்போதும் குளியல் நடக்காது. அப்போது சீவிய முடியை வகிர்ந்து, படுத்த பக்கத்தின் தோலையும் சிறுநீர் பட்ட தொடையையும் வைப்ஸால் ஒற்றியெடுத்து, டிரையரைக் குளிர்காற்றில் வைத்து உலரவிடலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியும் இதே வேலையைச் செய்யும், துவைத்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பல வைப்ஸில் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது என்பதால், பயன்படுத்தியதைக் கழிவறையில் போடாமல் குப்பைக்கூடைக்கு அனுப்புங்கள்.