மெட்ரோ படியில் மூச்சு வாங்கியவர் 1,305 படி ஏறினார்!
டோல்கேட் குமாஸ்தாவின் குளிர்கால மலைப் பயணம்

(நமது நிருபர்)

டோல்கேட், டிச.–

டோல்கேட் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரி. கண்ணில் விழும் தூசி. காது கிழியும் ஹாரன். கிழக்கே கடல், சுற்றிலும் தட்டையான தரை. மலையா? மூச்! இந்தப் பக்கம் உயரம் என்று சொன்னால் மேம்பாலமும் மெட்ரோ ஸ்டேஷனும்தான்.

அந்த மெட்ரோ ஸ்டேஷன் படியில்தான் இந்தச் சங்கதி ஆரம்பம்.

அவர் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா. வயது 52. "பேர் போடாத தம்பி, ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவானுங்க" என்று கேட்டுக்கொண்டார். அதனால் பெயர் வேண்டாம்.

போன தை மாதம் ஒரு நாள் காலை, லிப்ட் முன்னால் கூட்டம். அவசரத்தில் படியேறினார். பாதியிலேயே மூச்சு முட்டியது. கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி ஓடி வந்து, "தண்ணி குடிங்க தாத்தா" என்று பாட்டிலை நீட்டினாளாம்.

"மூச்சு வாங்குனதுகூட பெரிசா தெரியல தம்பி. தாத்தான்னு கூப்பிட்டிச்சே, அதான் குத்திச்சு!"

டாக்டர் சொன்ன மருந்து

நேராக டாக்டரிடம் போனார். இ.சி.ஜி. எடுத்தார்கள். இருதயத்தில் கோளாறு இல்லை. உட்கார்ந்தே வேலை, ஏறிய தொந்தி, நாளுக்கு எட்டு டீ. "தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியேறுங்கள்" என்றார் டாக்டர்.

மறுநாளே தொடங்கினார். முதல் நாள் ஒரு தடவை ஏற, இரண்டு இடத்தில் நின்றார். ஆடி மாதம் வந்தபோது நிற்காமல் ஐந்து தடவை! ஆபீஸில் சிரித்தார்கள். "கார்த்திகைக்கு சோளிங்கர் மலை, நடந்தே ஏறிக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டார் மனுஷர்.

கார்த்திகை ஞாயிறு

ராணிப்பேட்டை மாவட்டம் சோளிங்கர். அரக்கோணம் தாண்டிப் போக வேண்டும். பெரிய மலை மேலே யோக நரசிம்மர். 1,305 படி. கார்த்திகை மாதம் சாமி கண் திறக்கிறார் என்பது நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை என்றால் சொல்லவே வேண்டாம், ஜனக்கூட்டம்!

2024 மார்ச் முதல் ரோப் கார் ஓடுகிறது. சில நிமிஷத்தில் மேலே போய்விடலாம். "என்னத்துக்கு அண்ணே இந்த வம்பு?" என்றேன்.

"சாமி மேலதான் இருக்காரு, எங்கயும் போவமாட்டாரு. என்னால முடியுதா இல்லியான்னு நான் பாக்கணும்" என்றார்.

விடியற்காலை. லேசான பனி. வெறுங்காலில் கருங்கல் படி ஜில்லென்று ஏறியது. அவர் ஒரே கணக்கு வைத்திருந்தார். பேசிக்கொண்டே ஏற முடிந்தால் வேகம் சரி. பேச்சு தடுமாறினால் நிற்க வேண்டும்.

நானூறு படியில் என் பேச்சு நின்றது! அவர் சிரித்தார். அதற்குள் ஒரு குரங்கு அவர் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. நான் சிரித்தேன்.

ஒன்று கவனித்தேன். நம்ம ஊர் கடல் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது, சட்டை ஒட்டிக்கொள்ளும். இங்கே காற்று பட்டதும் உடம்பு குளிர்ந்துவிடுகிறது. கால் வலிக்கிறது, ஆனால் மனசு இன்னும் நாலு படி என்கிறது. இந்தச் சுகம் சித்திரை வெயிலில் கிடைக்காது.

ஏற ஓட்டம், இறங்க பஸ்!

டோல்கேட்டில் இன்னொரு ஆசாமியும் உண்டு. கண்டெய்னர் யார்டில் வேலை. வயது 24. லாரிகள் நெரியும் முன்னே, விடியற்காலையில் மேம்பால மேட்டில் ஓட்டம். ஜனவரி வந்தால் ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறிவிடுவார். ஏலகிரி அடிவாரப் பொன்னேரியிலிருந்து (நம்ம மீஞ்சூர் பக்கத்துப் பொன்னேரி இல்லை!) 14 கொண்டை ஊசி வளைவும் ஓடியே ஏறுவார். வளைவுகளுக்குப் புலவர், வள்ளல் பெயர்கள். "மூச்சு எந்தப் புலவர்கிட்ட போவுதுன்னு வருஷா வருஷம் பாப்பேன்" என்கிறார்.

மேடு ஏறி ஓடும்போது கால் தரையில் மோதுகிற அடி குறைவு. இறங்கும்போதுதான் முட்டிக்கு அடி. ஆகவே இறங்குவதற்கு பஸ்! ஆயிரம் மீட்டர் உயரம் போனால் சுமார் 6 டிகிரி சூடு குறையும் என்பதும் இவருக்கு லாபம்.

உஷார்!

ஆசை வந்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போன இளைஞர்கள், பெண்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர் போனது. கோடையில் காய்ந்த புல்லில் தீ பிடித்தால், சரிவில் மேல்நோக்கி மனிதனைவிட வேகமாக ஓடும். ஆகவே காட்டு மலைக்குப் பனிக்காலமே நல்ல காலம்.

அதிலும் மழை கொட்டினால் வேண்டாம். 2024 டிசம்பரில் திருவண்ணாமலையில் மண் சரிந்து, அடிவாரத்து வீட்டில் 7 பேர் மாண்டதை மறக்க முடியுமா?

காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகக் கூடாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. முன்பதிவு செய்துதான் போக வேண்டும். நமக்குப் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் கூடியம் குகை அந்தப் பட்டியலில் இருக்கிறது.

நெஞ்சு இறுக்கினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, அப்படியே உட்காருங்கள். வீரம் காட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாற்பது தாண்டியவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

மேலே போனதும்...

ஒரு மணி பத்து நிமிஷம். கடைசிப் படி. குமாஸ்தா திரும்பி நின்றார். கீழே பச்சை வயல், மழையில் நிரம்பிய ஏரி. சாமியிடம் என்ன வேண்டப் போகிறீர்கள் என்று கேட்கலாமென்று வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"சும்மா இரு தம்பி. ஹாரன் சத்தமே கேக்கல பாத்தியா?"

திங்கட்கிழமை காலை அவர் வழக்கம்போல டோல்கேட் மெட்ரோ படியில். அடுத்த கார்த்திகைக்கு அவரோடு ஆபீஸிலிருந்து இன்னும் மூன்று பேர் வருகிறார்களாம்.

யார் தெரியுமா? கிண்டல் செய்தவர்கள்தான்!